கப்பலேற்றப்பட்ட பிள்ளைகளின் குடிவழி



பிரித்தானிய நாட்டின் ஏழைப் பிள்ளைகளைப் பற்றி இன்று பேச முன்வந்துள்ளோம். 1869 முதல் 1930களின் இறுதிவரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். பையன்கள் பண்ணைகளில் உழைத்தனர். சிறுமியர் வீட்டுவேலை செய்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல்கள் சென்றன. அநாதைகள் என்று கூறப்பட்டவர்களிற் பலருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர். வறுமையன்றி அப்பெற்றோர் செய்த குற்றம் யாது?

இன்று பேரப்பிள்ளைகள் தம் குடிவழியைத் தேடுகின்றனர். முதலிற் பார்க்கவேண்டியது கப்பற் பயணிகளின் பட்டியல். அதிற் பெயரும் வயதும் கிடைக்கும். கனடாவின் தேசிய சுவடிக்கூடம் இவற்றுக்கு அட்டவணை தொகுத்துள்ளது. அடுத்தது, பிள்ளையை அனுப்பிய நிறுவனத்தின் சேர்க்கை ஏடு. குடும்பநிலை அதிலே தெரியவரும். மூன்றாவது பிறப்புப் பதிவு; தாயின் பெயர் அங்கேதான் உண்டு. பெயரும் வயதும் பிழையாக எழுதப்பட்டிருக்கலாமாதலின், ஒன்றை மற்றொன்றோடு ஒப்புநோக்குதல் வேண்டும்.

நொட்டிங்காம் நகரச் சமூகசேவையாளர் மார்கரெட் ஹம்ப்ரீஸ் 1987இல் ஓர் அறநிதியம் நிறுவி, பிரிந்த குடும்பங்களை இணைக்க முற்பட்டார். அவுஸ்திரேலியப் பிரதமர் 2009இலும் பிரித்தானியப் பிரதமர் 2010இலும் மன்னிப்புக் கோரினர். அதற்குள் எத்தனையோ தாய்மார் கண்மூடிவிட்டனர்!

மன்னிப்பை நாம் குறைகூறவில்லை. ஆனால், பிள்ளையைக் கப்பலேற்றியவர் கையிலேயே அப்பிள்ளையின் ஏடும் இருந்தது. அதனைத் தாமதமின்றித் திறந்து கொடுப்பது தருமமன்று; கடமையாகும் என்பதே நமது துணிபு.