மாயாவிக்கு உடை எதற்கு?

1972ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்த 'இரும்புக்கை மாயாவி'யை அறியாதார் நம்முள் சிலரே. 'எஃகு நகம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர், தமிழில் இத்துணை அழகு பெற்றது கண்டு மொழிபெயர்ப்பாளராகிய நாம் பொறாமை கொள்வதுமுண்டு.

இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் 1962இல் தோன்றியவன் லூயிஸ் கிராண்டல். ஆய்வுக்கூட உதவியாளன், வலக்கையை இழந்து எஃகுக் கை பூண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் காற்றில் மிதக்கும். சிறிது நேரத்தில் அவ்வாற்றலும் தீர்ந்துவிடும். தொடக்கத்தில் அவன் நல்லவனும் அல்லன், திருடவும் துணிந்தான். எப்போது அகப்படுவானோ என்னும் அச்சமே அக்கதையின் உயிர்.

பின்னர் அவனை உளவாளி ஆக்கினர். அதனை ஏற்றோம். அதற்கும் பின்னர், அமெரிக்கச் சாகச வீரர்களைப் போல் தனியுடை அணிவித்தனரே, அதுதான் ஏமாற்றம். மறைவதற்கென்றே பிறந்தவனுக்கு அலங்காரம் ஏன்? அவ்வுடையைப் படைத்தோரே பிற்பாடு களைந்துவிட்டனர்.

வித்துராவில் மலையாளம் பயின்று வளரும் நம் பிள்ளைகள், தமிழெழுத்தைக் கூட்டிப் படித்தது அந்த முதற்கதையைக் கொண்டே. உடை தரித்தவனின் படத்தையும் ஒருநாள் காட்டினோம். "இவன்தான் நன்றாகத் தெரிகிறானே, எப்படி மாயாவி?" என்றான் இளையவன்.