‘எடுத்தாளலாம்’ என்னும் உரிமம்



கணிப்பொறியின் துணையின்றி இன்று அறிவியல் ஆராய்ச்சி நடைபெறுதல் அரிது. 2019 ஏப்ரல் 10ஆம் நாள், எம்87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படத்தை உலகம் கண்டது. அப்படத்தை உருவாக்கிய கணக்கீடுகளில் ‘நம்பை’ என்னும் மென்பொருளுக்கும் பங்கு உண்டு. அதனை யாரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம், தாம் விற்கும் பொருளிலும் சேர்க்கலாம். இதற்கு இடந்தருவது அதனுடன் வரும் ஓர் உரிமப் பத்திரம். ஒரு பக்க அளவே உள்ள அதனைப் படிப்பவர் சிலர். படித்தும் பொருளைப் பிறழக் கொள்பவர் பலர். அதன் சொற்களை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

ஒருவர் தம் நிரலை இணையத்தில் எல்லாரும் காண வைத்திருக்கிறார். உரிமம் ஏதும் எழுதவில்லை. “தடை சொல்லவில்லையே, எடுத்துக்கொண்டால் என்ன?” என்று என்னிடம் பயின்ற ஒருவர் வாதிட்டதுண்டு. மௌனம் சம்மதம் என்னும் வழக்கு இங்கே செல்லாது. பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், படைப்பு உருவானவுடனே பதிப்புரிமையும் பிறந்துவிடுகிறது. அதனை அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமெரிக்கா 1989இல் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. திருத்தப்பெற்ற நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, கணிப்பொறி நிரலை இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகிறது. இலக்கணம் கற்பித்த எனக்கு இச்செய்தி மிகவும் பிடித்திருந்தது!

இனி உரிமத்திற்கு வருவோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தோன்றியமையின், நம்பையின் உரிமத்தைப் பிஎஸ்டி உரிமம் என்பர். இன்று பெரிதும் வழங்கும் வடிவில் மூன்று நிபந்தனைகள் உள்ளன. மூல நிரலைப் பிறர்க்கு வழங்கினால், ஆசிரியரின் உரிமைக் குறிப்பையும் நிபந்தனைகளையும் பொறுப்புத் துறப்பையும் அழிக்காமல் வழங்க வேண்டும். பொறிமொழியாக மாற்றி வழங்கினால், உடன்வரும் கையேடு முதலியவற்றில் அவற்றை அச்சிட வேண்டும். எழுத்தாலான இசைவின்றி, ஆசிரியர் பெயரைக் காட்டி நம் பொருளுக்கு நற்சான்று தேடலாகாது. ‘வழங்கினால்’ என்ற சொல்லை ஊன்றி நோக்குக. தன் மேசையில் வைத்துக் கணக்கிடும் மாணவனை முதலிரு நிபந்தனைகளும் தொடா.

முன்பு நான்காவது நிபந்தனை ஒன்றும் இருந்தது. மென்பொருளின் இயல்புகளைக் கூறும் ஒவ்வொரு விளம்பரத்திலும் பல்கலைக்கழகத்திற்கு நன்றி கூறும் வாக்கியம் இடம்பெற வேண்டும் என்றது அது. நன்றி கேட்பதில் குற்றம் என்ன என்று தோன்றும். ஆனால் பிறரும் அதனைப் பார்த்துத் தத்தம் பெயரை இட்டு எழுதத் தொடங்கினர். 1997ஆம் ஆண்டு வெளிவந்த நெட்பிஎஸ்டி என்னும் மென்பொருளில் இத்தகைய வாக்கியங்களை ரிச்சர்டு ஸ்டால்மன் எண்ணினார்; 75 இருந்தன. ஒரு சிறு விளம்பரத்தில் எழுபத்தைந்து நன்றிகளை எங்கே அச்சிடுவது? 1999இல் பல்கலைக்கழகம் அந்நிபந்தனையை நீக்கிவிட்டது.

இன்றைய ஆராய்ச்சியாளர் சிலரும் அவ்வழியே செல்கின்றனர். “என் கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் மட்டுமே பயன்படுத்தலாம்” என்றும், “கல்விக்கு மட்டும்” என்றும் தாமே ஒரு வரி சேர்க்கின்றனர். மேற்கோள் காட்டுதல் புலமை உலகின் கடமை. அதில் எனக்கு ஐயமில்லை. அதனைச் சட்ட நிபந்தனை ஆக்கியவுடன், அந்நிரலைப் பிற நிரல்களோடு இணைப்போர்க்குச் சிக்கல் பிறக்கிறது. ‘கல்விக்கு மட்டும்’ என்றாலோ அது திறந்த மூல உரிமமே ஆகாது. மருந்து செய்யும் நிறுவனத்தில் பணிபுரியும் அறிவியலறிஞர் கல்வியாளரா, வணிகரா? இவ்வரியை எழுதியவர் இதற்கு விடை எழுதுவதில்லை.

பத்திரத்தின் இறுதியில் பெரிய எழுத்துகளில் அமைந்த பகுதி, எவ்வகை உத்தரவாதமும் இல்லை என்கிறது. இதனை வெறுஞ் சடங்கு என எண்ணற்க. இலவசமாகப் பெற்ற நிரல் தந்த விடை பிழையாயின், அதனை நம்பிக் கட்டுரை எழுதியவர் அதன் ஆசிரியர் மீது பழி போட்டுத் தப்ப இயலாது. தெரிந்த விடையுள்ள கணக்கொன்றைக் கொடுத்து முதலில் சோதித்தறிய வேண்டும்.

பெயரைக் கண்டு முடிவு கட்டுவதும் தவறு. எம்.ஐ.டி. உரிமம் என்பது மிகச் சுருக்கமானது. பிஎஸ்டியைப் போன்றே தாராளமானது. ஆனால் அதே எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவான எஃப்எஃப்டிடபிள்யூ என்னும் கணித மென்பொருள் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவருகிறது. அதனை இணைத்து ஆக்கிய நிரலை வெளியில் வழங்குபவர், முழு நிரலையும் அவ்வுரிமத்தின்கீழ் வழங்கக் கடமைப்பட்டவர். அதனை ஏலாதார்க்கு அந்நிறுவனம் தனி உரிமம் விற்கிறது.

நீங்கள் நிரல் எழுதி வெளியிடும்போது, வழக்கிலுள்ள உரிமம் ஒன்றைச் சொல் மாற்றாமல் எடுத்து, ஆண்டும் பெயரும் இட்டு, நிரலோடு தனிக் கோப்பாக வையுங்கள். மேற்கோள் வேண்டுகோளை வேறொரு கோப்பில் எழுதுங்கள். கல்லூரியின் பணத்திலோ, ஆசிரியரின் ஆராய்ச்சித் திட்டத்திலோ எழுதிய நிரலாயின், உரிமையாளர் பெயராக எவருடையதை இடுவது என்பதை வெளியிடுமுன் கேட்டறியுங்கள்.