மறைத்தால் தீராது, மருத்துவம் உண்டு!

(மஹல்லா வாலிபர்களும் வியாபாரிகளும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேசப் போகும் விஷயத்தை எடுத்தாலே பலர் முகம் சுளிப்பார்கள். 'நம் சமுதாயத்திலா? நம் தெருவிலா?' என்று கேட்பார்கள். ஆம்! நம் சமுதாயத்தில்தான், நம் தெருவில்தான். குடிக்கும் வாலிபனும், கஞ்சா புகைக்கும் மாணவனும், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக் கொள்ளும் பிள்ளையும் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

மது ஹராம் என்பது இங்கே அமர்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். அதைச் சொல்வதற்காக உங்களை அழைக்கவில்லை. விழுந்து விட்டவனை எங்கே கொண்டு போவது, செலவுக்கு என்ன வழி? இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் இந்தக் கூட்டம்.

என் தவறு

முதலில் என் தவறைச் சொல்லி விடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மஃரிப் தொழுகை முடிந்ததும் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். கடைத்தெருவில் சிறிய வியாபாரம். 'ஹஜ்ரத், பையன் காலையில் எழுந்ததும் குடிக்கிறான். குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது' என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ரமளான் வருகிறது. வெளியே விடாமல் வீட்டில் வையுங்கள். நோன்பு அவனைத் திருத்தி விடும்' என்றேன்.

அவர் என் பேச்சை நம்பினார். பிள்ளையை அறையில் வைத்துப் பூட்டினார். முதல் நாள் நடுக்கம், வியர்வை. இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் சுவரில் பூச்சிகள் ஊர்வதாகக் கத்தினான். மருத்துவமனைக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். அவன் பிழைக்கவில்லை. அவனுக்கு ஜனாஸா தொழுகை நடத்தியவனும் நான்தான்.

பிறகு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் புத்தி தடுமாறும் நிலை வரலாம். கவனிக்காவிட்டால் அது உயிரையே பறிக்கும். மருத்துவமனையில் மருந்து கொடுத்து, வைட்டமின் ஏற்றிக் கவனித்தால் இதை ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் பத்திரமாகக் கடந்து விடலாம். இந்த ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தால்! நான் மார்க்கம் படித்தவன். மருத்துவம் படித்தவன் அல்ல. மருத்துவம் தெரியாமல் மருத்துவம் சொன்னதுதான் என் குற்றம்.

ஆகவே சகோதரர்களே! தினமும் குடிக்கும் ஒருவர் ரமளானில் நிறுத்தப் போவதாகச் சொன்னால் சந்தோஷப்படுங்கள். ஆனால் ஷஅபானிலேயே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தது குர்ஆன். மாத்திரையை யார் எந்த நேரத்துக்கு மாற்றிக் கொள்ளலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

சாபம் அல்ல, சிகிச்சை

நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் குடிப்பழக்கத்தை விட முடியாத ஒருவர் இருந்தார். மீண்டும் மீண்டும் பிடித்துக் கொண்டு வரப்பட்டார்; தண்டனையும் பெற்றார். அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்து விட்டார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சியும் சொன்னார்கள். இது புகாரியில் பதிவான சம்பவம். அப்படியிருக்க, நாம் என்ன செய்கிறோம்? 'குடிகாரன் வீடு' என்று பெயர் சூட்டுகிறோம். அவன் தங்கைக்கு வரும் சம்பந்தத்தைத் தடுக்கிறோம். அதற்குப் பயந்துதான் பெற்றோர் மறைக்கிறார்கள். மறைப்பதால் நோய் முற்றுகிறது.

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2019ல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று அது சொல்கிறது. மீதி 37 பேர்? அவர்கள் வீடுகளில் இருக்கிறார்கள். சிலர் நம் வீடுகளில்!

நாம் கையாளும் தவறான வைத்தியங்களைப் பாருங்கள். 'கல்யாணம் செய்து வைத்தால் திருந்துவான்' என்று ஒரு அப்பாவிப் பெண்ணைப் பலி கொடுக்கிறோம். 'வெளிநாடு அனுப்பினால் சரியாகும்' என்று கடன் வாங்கி விசா எடுக்கிறோம். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரத்தை நம்பிப் பொடி வாங்குகிறோம். எச்சரிக்கை! குடித்தால் உடம்புக்கு ஒத்துக் கொள்ளாமல் செய்யும் மாத்திரை ஒன்று உண்டு. நோயாளியின் சம்மதத்தோடு, டாக்டரின் பார்வையில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். தெரியாமல் கலந்து கொடுத்து, அவர் குடித்து விட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று, சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதியை மறந்து விட்டோமா? ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்திருக்கிறது. போதைக்கு அடிமையானவரும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வருகிறார்.

எங்கே போவது?

முதல் வாசல் அரசு மருத்துவமனை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் புறநோயாளி சீட்டு வாங்கி, 'குடியை நிறுத்த வேண்டும்' என்று சொன்னால் போதும். 'பைத்தியக்கார டாக்டர்' என்று கூச்சப்படாதீர்கள். இந்த நோய்க்குரிய டாக்டர் அவர்தான். 2025ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. அவை அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்தவை. உங்கள் மாவட்டத்தில் எது இருக்கிறது என்று விசாரியுங்கள். சென்னைக்காரர்களுக்கு 1794ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஜிப்மர் இருக்கிறது.

இரண்டாவது வாசல், மத்திய அரசின் மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள். 14446 என்ற இலவசத் தொலைபேசியில் கேட்டால் அருகில் உள்ள மையத்தைச் சொல்வார்கள். மனநல ஆலோசனைக்கு 14416. தமிழகத்தில் 104லும் கேட்கலாம்.

மூன்றாவது வாசல், அறக்கட்டளை மருத்துவமனைகள். குடியால் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980ல் சென்னையில் தொடங்கியதுதான் டி.டி.கே. மருத்துவமனை. சிந்தித்துப் பாருங்கள்! வசதியான, பெயர் பெற்ற குடும்பம். அவர்கள் மறைத்திருக்கலாம். மறைக்காமல் அந்தத் துக்கத்தையே பிறருக்கு மருந்தாக்கினார் அந்தப் பெண்மணி. நம் செல்வந்தர்களில் ஒருவராவது இப்படி முன்வந்தால் என்ன?

நான்காவது வாசல் தனியார் மையங்கள். இங்கே விழிப்போடு இருங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று இருக்கிறதா? மனநல டாக்டர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? குடும்பத்தார் பார்க்கவும் பேசவும் அனுமதி உண்டா? மொத்தச் செலவை எழுத்தில் தருவார்களா? இந்த நான்கையும் கேளுங்கள். 'மூன்று மாதம் விட்டு விடுங்கள், பார்க்க வரக் கூடாது' என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். அடித்துத் திருத்தும் இடம் மருத்துவமனை அல்ல.

சிகிச்சை முடிந்து வந்தவருக்கு 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் உண்டு. குடியை விட்டவர்களே கூடிப் பேசுவது. கட்டணம் இல்லை, பெயர் வெளியே வராது. சில ஊர்களில் சர்ச் கட்டிடத்தில் நடக்கிறது என்று தயங்குகிறார்கள். இடம்தான் அவர்களுடையது, வந்திருப்பவர்கள் எல்லா மதத்தாரும். மனமில்லை என்றால் நம் மதரஸா அறையை ஞாயிறு மாலையில் திறந்து விடுங்களேன்!

போலீஸ் பயம்

கஞ்சா, மாத்திரை என்றால் பெற்றோருக்குப் போலீஸ் பயம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைப்பொருளை உபயோகித்ததற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் பாதுகாப்பு பறிபோகலாம். விற்பவனுக்கு இது பொருந்தாது. வழக்கு இருந்தால் வக்கீலிடம் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். வழக்கே இல்லாதவர் ஏன் பயப்பட வேண்டும்?

பணத்துக்கு வழி

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகனைத் தனியார் மையத்தில் சேர்க்க, தாயின் நகையை வட்டிக்கு அடகு வைத்தார்கள். ஒரு ஹராமிலிருந்து மீட்க இன்னொரு ஹராமில் விழுந்தார்கள். நான்கு மைல் தூரத்தில் அரசு மருத்துவமனையில் காசில்லாமல் சிகிச்சை இருந்தது. சொல்வதற்கு ஒரு ஆள் இல்லை!

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான். ஆனால் செலவு மருந்து மட்டுமா? கூட இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அவருக்குக் கூலி போகும். பஸ் கட்டணம், சாப்பாடு, வீட்டு வாடகை. இங்கேதான் ஏழை தடுக்கி விழுகிறான்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மனநோய்க்கும் உடல் நோயைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை கிடையாது என்ற நிபந்தனை பல தனியார் பாலிசிகளில் அச்சாகி இருக்கும். சேர்ப்பதற்கு முன்பே படித்துப் பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சை அதில் சேருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். அட்டை இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனைக்குப் போகாமல் இருந்து விடாதீர்கள்.

அடுத்தது நம் பைத்துல்மால். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் ஏழையும், வறியவரும், கடனில் மூழ்கியவரும் இருக்கிறார்கள். போதைக்கு அடிமையானவன் வீட்டில் இந்த மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள்! குடிப்பவன் கையில் காசு கொடுக்கத் தயக்கமா? நியாயம்தான். அவனுடைய மனைவியோ தாயோ ஏழையாக இருந்தால் அவர் கையில் கொடுங்கள். ஜகாத்தைப் பெறுபவரின் உடைமையாக்க வேண்டும் என்ற ஹனபி மத்ஹபின் நிபந்தனையும் நிறைவேறும். மருத்துவமனைக்கு நேராகக் கட்ட வேண்டுமானால் ஸதகா பணத்திலிருந்து கட்டுங்கள்.

வியாபாரப் பெருமக்களே! உங்களிடம் வேறொன்று கேட்கிறேன். உங்கள் கடைப் பையன் குடிக்கிறான் என்று தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பாதீர்கள். 'சிகிச்சைக்குப் போ. வேலை உனக்காகக் காத்திருக்கும். அதுவரை வீட்டுக்கு அரிசி நான் தருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். ஆயிரம் பயான் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்யும். திரும்பி வந்ததும் கல்லாவில் உட்கார வைக்க வேண்டாம். சரக்கு அடுக்கும் வேலை கொடுங்கள். சம்பளத்தை அவன் சம்மதத்தோடு வீட்டாரிடம் சேருங்கள்.

வாலிபர்களே! உங்களுக்கு மூன்று வேலை. ஒன்று, இந்த வாரமே இருவர் நம் மாவட்ட மருத்துவமனைக்குப் போய், மனநலப் பிரிவு எந்த நாளில், எத்தனை மணிக்கு, படுக்கை வசதி உண்டா என்று விசாரித்து எழுதி வாருங்கள். இரண்டு, துணைக்கு இருக்க ஆள் இல்லாத நோயாளியோடு முறை வைத்துத் தங்குங்கள். மூன்று, கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். ஒரு பெயர் கசிந்தாலும் அடுத்த தகப்பன் நம்மிடம் வர மாட்டான்.

கடைசியாக ஒன்று. சிகிச்சை பெற்றவர்களில் பலர் மீண்டும் ஒருமுறை, இருமுறை விழுவார்கள். சர்க்கரை நோயாளிக்கு மறுபடி சர்க்கரை ஏறினால் 'நீ உருப்பட மாட்டாய்' என்றா சொல்கிறோம்? மருந்தை மாற்ற டாக்டரிடம் போகிறோம். இதுவும் அப்படித்தான். மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் தொடர்ந்து காட்ட வேண்டும்.

அந்தத் தகப்பனார் இன்றும் எனக்குப் பின்னால் நின்று தொழுகிறார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை. இன்னொரு தகப்பன் அந்த வரிசையில் அப்படி நிற்கக் கூடாது. அதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

மஃரிபுக்குப் பிறகு நான் பள்ளிவாசலில்தான் இருப்பேன். யார் வந்தாலும், எதைச் சொன்னாலும், அது என்னோடு இருக்கும். அடுத்த நாள் காலை நானே கூட வருவேன்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை இந்தத் தீமையிலிருந்து காப்பானாக! விழுந்தவர்களுக்கு ஷிஃபாவையும், தூக்கி விடும் மனதை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.