நூலகத்திற்கும் வக்ஃப் செய்வோம்!

(நமது பள்ளிவாசலின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

சற்று முன்னர் பொருளாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்தார்கள். அதில் ஒரு வரி: ‘நூலகம் – செலவு இல்லை.’ செலவு குறைந்தது நல்லதுதானே என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். நாமோ அந்த வரியைக் கேட்டுத் தலைகுனிந்தோம்.

மாடியில் நூலக அறை திறக்கப்பட்ட நாள் நம் அனைவருக்கும் நினைவிருக்கும். அலமாரி தந்தவர்களின் பெயர்கள் அலமாரியிலேயே எழுதப்பட்டன. மின்விசிறி தந்தார்கள், மேசை தந்தார்கள். நாளிதழுக்கு மாதச் சந்தா யார் கட்டுவது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. முதலில் நாளிதழ் நின்றது. பிறகு மாலையில் அறையைத் திறந்து வைக்க ஆள் இல்லாமற் போயிற்று. இன்று அங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சும் தேக்சாக்களும் பந்திப் பாய்களும் இருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று சென்ற ஆண்டு நம்மிடம் வந்த ஒரு மாணவரை, “தம்பி, அறை பூட்டியிருக்கிறதே” என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் நாமேதாம். அந்த வெட்கமே இன்று நம்மைப் பேச வைக்கிறது.

அன்பர்களே! குறை கொடுத்தவர்களிடம் இல்லை. கேட்டவர்களாகிய நாம் கேட்ட முறையில்தான் குறை. கிணறு வெட்டப் பணம் கேட்டோம். தூர் வாரப் பணம் கேட்கவில்லை.

அமெரிக்காவின் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, 1883 முதல் 1929 வரையிலான காலத்தில் எழுந்த 2,509 நூலகங்களுக்குப் பொருள் தந்தவர். அவர் பணத்தை வெறுமனே அள்ளி வீசிவிடவில்லை. நிலத்தை ஊரார் தரவேண்டும். தாம் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென ஊரார் ஒதுக்கவேண்டும். அதற்கு உடன்பட்ட ஊருக்கே கட்டடம். ஆண்டுச் செலவுக்கு வழி இல்லாத நூலகம் நிலைக்காது என்பதை அந்த வணிகர் அறிந்திருந்தார்.

இவ்வறிவைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் கோவையிலேயே, 1926 ஆம் ஆண்டில் பீளமேடு பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடு அவர்களின் புதல்வர்கள் நால்வரும் குடும்பச் சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாம் பங்கு அறத்திற்கு. தர்மத்தையும் உடன்பிறந்த ஒருவராகக் கருதிப் பாகம் கொடுத்தார்கள். இன்று பி.எஸ்.ஜி. என்னும் பெயரில் கல்லூரிகளும் மருத்துவமனையும் அவற்றின் நூலகங்களும் நிற்பதற்கு அந்த ஐந்தாம் பங்கே வித்து.

நம் மார்க்கம் இவ்வழியை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. கைபரில் தமக்குக் கிடைத்த உயர்ந்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தர்மமாக்கும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டிக் கொடுத்தார்கள். அந்த நிலம் விற்கப்படவில்லை, வாரிசுகளுக்குப் போகவில்லை. வக்ஃப் என்பதன் உயிர் இதுதான்.

பாட்னாவில் வழக்கறிஞராக இருந்த குதா பக்ஷ் அவர்கள், தந்தையார் விட்டுச் சென்ற சுமார் 1,400 கையெழுத்துப் பிரதிகளை ஏறத்தாழ 4,000 ஆகப் பெருக்கினார். 1891 ஆம் ஆண்டில் அவற்றைப் பத்திரம் எழுதிப் பொதுமக்களுக்கு ஒப்படைத்தார். பின்னர் 1969 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நூலகமாக அறிவித்தது. அவர் அந்த நூலக வளாகத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா அவர்களும் அப்படிப்பட்ட ஒருவரே. தம் வாழ்நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994 இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நூல்கள் காக்கப்பட்டன. ஆயினும் அவற்றைக் காக்கும் பொருள் கடல் கடந்து வரவேண்டியிருந்தது என்பதைத் தமிழ் பேசும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

“அரசாங்க நூலகம் இருக்கும்போது நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948 இல் நம் மாகாணத்தில்தான் பிறந்தது. அதற்காகப் பாடுபட்டவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.அரங்கநாதன், அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர், திருப்பூரில் பிறந்த நம் கொங்குச் சீமைக்காரர் தி.சு.அவினாசிலிங்கம் அவர்கள். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையிலுள்ள மாவட்ட மைய நூலகம் நமக்கும் உரியது. காந்திபுரத்தில் பெரியார் பெயரிலான பெரிய நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டதையும் அறிவீர்கள். அங்கெல்லாம் பிள்ளைகளை அனுப்புங்கள். ஆயிரம் ரூபாய் செலுத்தி அரசு நூலகத்தில் புரவலராகச் சேருங்கள்.

ஆனால் மஃரிபுக்குப் பின் தனியே பேருந்து ஏறிச் செல்ல இயலாத பெண்பிள்ளைக்கும், இரு அறை வீட்டில் ஆறு பேரோடு வாழும் மாணவனுக்கும் நடந்து போகும் தொலைவில் ஒரு மேசையும் விளக்கும் வேண்டும். அரசு நூலகத்துக்கு எதிராக அன்று, அதன் தொடர்ச்சியாகவே நாம் இதைக் கேட்கிறோம். அரங்கநாதன் அவர்களே, சட்டம் கண்டதோடு அமைந்துவிடாமல், 1956 இல் தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயைத் தம் துணைவியார் பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமையச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார்.

இனி, செய்யவேண்டியதைச் சொல்கிறோம்.

முதலாவது, ஜகாத் பணத்தை இதில் சேர்க்காதீர்கள். அது உரியவர்களின் கையில் உடைமையாகச் சேரவேண்டியது. ஏழை மாணவருக்குப் புத்தகமாகவே வாங்கிக் கொடுத்து அவருக்கே சொந்தமாக்கலாம்; நூலகத்தின் அலமாரியை அதைக்கொண்டு நிரப்பலாகாது. நூலகத்துக்கு உரியது ஸதகாவும் வக்ஃபும்.

இரண்டாவது, பள்ளிக்கென முன்னோர் எழுதிவைத்த கடைகளின் வாடகையை நூலகத்துக்குத் திருப்பக் கூடாது. வக்ஃப் செய்தவரின் நிபந்தனை மீறப்படலாகாது. நூலகத்துக்கு அதற்கே உரிய புதிய வக்ஃப் வேண்டும்.

மூன்றாவது, திரட்டும் தொகையை வட்டிக்குப் போடாமல் வாடகை வரும் ஒரு சிறு கடையாக மாற்றவேண்டும். ஒரு பேச்சுக்கு, மாதம் ஆறாயிரம் ரூபாய் வாடகை வந்தால் ஆண்டுக்கு எழுபத்திரண்டாயிரம். மாலை நேரப் பொறுப்பாளர் ஒருவருக்குச் சிறு சம்பளம், இரண்டு நாளிதழ், தேர்வு நூல்களின் புதிய பதிப்புகள் ஆகியவற்றுக்கு அதுவே வழி செய்யும். ஒருவரால் இயலாவிட்டால் நூறு பேர் சேருங்கள்.

நான்காவது, எழுத்தில் வையுங்கள். 2025 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, பத்திரம் எழுதாமல் புதிய வக்ஃப் எதையும் ஏற்படுத்த முடியாது. வாய்ச்சொல்லை நம்பிய காலம் போய்விட்டது. பத்திரத்தில் ‘நூலகத்திற்கு மட்டும்’ என்ற நிபந்தனை தெளிவாக இருக்கட்டும். கணக்கு ஆண்டுதோறும் இந்த மலரில் அச்சாகட்டும்.

முடிவாக ஒன்று. நாம் மதரஸாவில் ஓதிய நாளில் கையில் கிடைத்த பழைய கிதாபு ஒன்றின் முதல் பக்கத்தில் வக்ஃப் முத்திரை இருந்தது. கொடுத்தவர் பெயரின் மை அழிந்துபோயிருந்தது. ஊர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் அந்தக் கிதாபில் நாம் கற்றதை ஒவ்வொரு முறை போதிக்கும்போதும் அவருக்கு நன்மை போய்ச் சேருகிறது என்றே நம்புகிறோம். மனிதன் மறைந்தபின்னும் தொடரும் நன்மைகளில் நிலையான தர்மமும் பயன்தரும் கல்வியும் உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நூலகத்திற்கான வக்ஃபில் அவ்விரண்டும் ஒன்றாகின்றன.

அடுத்த ஆண்டு இதே மன்றத்தில் பொருளாளர் அவர்கள் கணக்கு வாசிக்கும்போது, நூலகம் என்ற வரிக்கு எதிரே ஒரு செலவுத் தொகை இருக்கவேண்டும். அதைக் கேட்டு நாம் மகிழவேண்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக! தருகின்ற கரங்களுக்கும், பேணுகின்ற கரங்களுக்கும், புத்தகத்தைப் புரட்டப்போகும் பிஞ்சுக் கரங்களுக்கும் பரகத் செய்வானாக! ஆமீன்.