காக்கா ஆழி: ஆத்துக்கு அடியில் நடந்த ஆக்கிரமிப்பு

(எண்ணூர் பகுதி மக்கள் கூட்டத்தில் நம் பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசாகப் படியுங்கள், பகிருங்கள்.)

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பத்திலிருந்து தொழிலை விட்டுட்டு வந்திருக்கிற அண்ணன்மார்களுக்கும், இறால் கூடையை இறக்கி வச்ச கையோட வந்திருக்கிற அக்காமார்களுக்கும் ஒரு வணக்கம்.

ஆக்கிரமிப்புன்னா நமக்கு என்ன ஞாபகம் வருது? சாம்பல் கொட்டுன கழிமுகம், மூடுன உப்பங்கழி, ஆத்துக்கு நடுவுல நிக்கிற குழாய். அதெல்லாம் கண்ணுக்குத் தெரியுது, போட்டோ எடுக்கலாம், போஸ்டர் அடிக்கலாம். இன்னிக்கு நான் பேச வந்தது தண்ணிக்கு அடியில நடந்த ஆக்கிரமிப்பு. காக்கா ஆழி.

உங்களுக்கு நான் சொல்லிக் காட்ட வேண்டியதில்ல. கொசஸ்தலை ஆத்துல கால வச்சா கிழிக்குது. இந்த உரையை இணையத்துல படிக்கிற வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்றேன். இது தென் அமெரிக்கக் கரையில பிறந்த ஒரு ஆழி. அறிவியல் பேரு மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. கறுப்பு ஓடு, விரல் நீளம். நூல் மாதிரி ஒண்ணைச் சுரந்து கல்லு, கட்டை, வலைன்னு கிடைச்சதுல ஒட்டிக்கும். ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டி, மண்ணு மேல பாய் விரிச்ச மாதிரி படரும். நம்ம ஊரு பச்சை ஆழி, மட்டிக்கு உப்பு ரொம்ப ஏறினாலும் இறங்கினாலும் தாங்காது. இதுக்கு அந்தக் கவலையே கிடையாது. மழைக்காலத்து நல்ல தண்ணியிலயும் இருக்கும், கோடைக்காலத்து உப்புலயும் இருக்கும்.

இறால் பகல்ல எங்க இருக்கும்? சேத்துக்குள்ள புதைஞ்சு இருக்கும். வாயில பறியைக் கடிச்சுக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, கையால தடவி இறால் பிடிக்கிறவங்க நம்ம ஆளுங்க. படகு வேணாம், இன்ஜின் வேணாம், கடன் வேணாம். கையும் சேறும் போதும். அந்தச் சேத்து மேல கறுப்பு ஓடு மூடிட்டா இறால் எங்க போய் ஒளியும்? நம்ம கை எங்க போய்த் தேடும்? நட்டம் முதல்ல விழுந்தது படகு இல்லாதவன் தலையில. இதை எந்த அதிகாரியும் கணக்கு எடுக்கல, ஏன்னா கையால பிடிக்கிற இறாலுக்கு ரசீது கிடையாது.

சரி, தென் அமெரிக்காவுலேர்ந்து எண்ணூருக்கு எப்படி வந்துச்சு? நீந்தியா வந்துச்சு? கப்பல்ல வந்துச்சு. காலிக் கப்பல் கடல்ல ஆடாம இருக்க, அடித்தொட்டியில கடல் தண்ணியை நிரப்பிக்கும். சரக்கு ஏத்துற துறைமுகத்துல அந்தத் தண்ணியை வெளியே விடும். ஆழிக்குஞ்சு கண்ணுக்குத் தெரியாத பொடி, தண்ணியோடவே வந்து இறங்கும். கப்பலோட அடிவயித்துல ஒட்டிக்கிட்டும் வரும். 2014ல பிலிப்பைன்ஸ், 2016ல சிங்கப்பூர், அப்புறம் தாய்லாந்து, நம்ம பக்கத்துக் கேரளத்துக் காயல்கள். துறைமுகம் துறைமுகமா இறங்கி வந்திருக்கு.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையாச் சொல்லிடணும். நம்ம ஆளுங்களே சில பேரு நிலக்கரிக் கப்பல்தான் கொண்டு வந்துச்சுன்னு எழுதுறாங்க. நிலக்கரி இறக்க வர்ற கப்பல் நிறைஞ்சு வருது, போகும்போதுதான் நம்ம தண்ணியை ஏத்திக்கிட்டுப் போகுது. தண்ணி விடுறது இங்கேருந்து சரக்கு ஏத்திக்கிட்டுப் போக வர்ற கப்பல். எந்தக் கப்பல்னு நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டை வச்சா, எதிராளி வக்கீல் ஒரே கேள்வியில நம்மளை உட்கார வச்சிடுவார். நாம கேக்க வேண்டியது வேற: கப்பல் தண்ணியைச் சோதிக்கிற ஏற்பாடு எங்க?

இது புதுப் பிரச்சினையும் இல்ல. 1967 வாக்குலயே விசாகப்பட்டினம் துறைமுகத்துல இதே மாதிரி இன்னொரு வெளிநாட்டு ஆழி வந்து ஒட்டிச்சு. கப்பல் தண்ணிக்கான உலக ஒப்பந்தம் 2004ல எழுதப்பட்டு, 2017 செப்டம்பர் 8ல நடைமுறைக்கு வந்துச்சு. அன்னிக்கு இந்தியா அதுல உறுப்பு நாடு இல்ல. ஐம்பது வருஷம் தெரிஞ்சும் கதவைத் திறந்தே வச்சிருந்திருக்கோம்.

ஆஸ்திரேலியாவுல டார்வின் நகரத்துல 1999ல விசாகப்பட்டினத்துக்கு வந்த அதே ஆழியைக் கண்டுபிடிச்சாங்க. படகுத்துறையைப் பூட்டி, மருந்து ஊத்தி, சில வாரத்துல ஒழிச்சாங்க. அது மதகு போட்ட குளம் மாதிரி இடம், அதனால முடிஞ்சது. நம்ம எண்ணூர் கழிமுகம் கடலுக்குத் திறந்தது, பழவேற்காடு வரைக்கும் போகுது. இங்க மருந்து ஊத்துனா ஆழியோட இறாலும் சாகும். அதனால யாராவது மருந்து டின்னோட வந்தா விடாதீங்க.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு வரைக்கும் மீனவர்கள் இதைக் கொண்டு போனாங்க. ஆழி காத்துக்கிட்டு இருக்காதுங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கழிமுகத்தையே கறுப்பாக்கிச்சே, ஞாபகம் இருக்கா? அடிபட்ட ஆத்துல நம்ம ஊரு உயிரு மெதுவாத்தான் எழுந்து வரும், வந்தேறி முன்னாடி ஓடும்.

2022ல தமிழ்நாடு அரசு அந்நியச் செடிகளுக்குன்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு. சீமைக்கருவேலத்தையும் உண்ணிச்செடியையும் பத்திப் பேசுது, நல்லது. தண்ணிக்குள்ள இருக்கிறதுக்கும் அப்படி ஒண்ணு வேணும்.

நம்ம கோரிக்கையைச் சொல்லி முடிச்சிடறேன். ஆழியை அகற்றுற வேலை மிஷினை மட்டும் நம்பி நடக்கக் கூடாது. எங்க அடர்த்தியா இருக்குன்னு கால்ல தெரிஞ்சு வச்சிருக்கிற மீனவர்களையும் பெண்களையும் தினக்கூலிக்கு அமர்த்தணும். எடுத்ததைக் கரை ஓரம் குவிச்சு வைக்கக் கூடாது, ஏத்தம் வந்தா உயிரோட திரும்பப் போயிடும். தூரமாக் கொண்டு போய்க் காய வைக்கணும். ஓட்டைச் சுண்ணாம்புக்குக் கொடுக்கலாம். சதையைத் திங்கச் சொல்லி யாரும் யோசனை சொல்லாதீங்க. ஆழி தண்ணியை வடிகட்டித் திங்கிற உயிரு, இந்த ஆத்துத் தண்ணியில என்னென்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியும். ஒரு தடவை அள்ளிட்டு போட்டோ எடுத்துட்டுப் போறதும் வேலைக்கு ஆகாது, வருஷா வருஷம் குஞ்சு திரும்ப ஒட்டும், வருஷா வருஷம் நிதி ஒதுக்கணும். தொழில் போன கை மீனவங்களுக்கு இறால் திரும்புற வரைக்கும் நிவாரணம். துறைமுகங்கள்ல கப்பல் தண்ணிச் சோதனை, அதோட முடிவு மக்கள் பார்க்குற மாதிரி வெளியீடு.

மனு எழுதி வச்சிருக்கோம். மேடைக்கு இடது பக்கம் மேசையில இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. கையெழுத்துப் போடும்போது எந்தக் குப்பம், ஆத்துல எந்த இடத்துல ஆழி அதிகம்னு ஒரு வரி எழுதிடுங்க.