இரட்டை இயந்திர விமானத்தின் ஆசிரியர்



விமானமோட்டியாக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் உண்டு. அந்த விமானமோட்டிக்கே பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைத்தான் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இன்று, இரண்டு இயந்திரங்கள் பூட்டிய விமானத்தில் பயிற்சி தருபவரின் தொழிலைப் பார்ப்போம்.

ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கிறதே, பயமேன் என்று தோன்றும். இரட்டை மாட்டு வண்டியைப் பார்த்த பெரியவர்களுக்கு விஷயம் புரியும். இடது மாடு நின்றுவிட்டால் வண்டி இடப்பக்கமே இழுபடும். விமானமும் அப்படித்தான் திரும்புகிறது. அதை நேராக்க வலது காலால் மிதியை அழுத்த வேண்டும். இடது கால் சும்மா இருக்கும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து இயந்திரமே நின்றுபோனது. இதைச் சரிபார்த்த பிறகே அதை அணைக்க வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? 2015 பிப்ரவரி 4-ஆம் தேதி, தைப்பே நகரிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானத்தின் வலது இயந்திரம் சக்தி இழந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இயந்திரம் அணைக்கப்பட்டது. 43 பேர் மாண்டனர்.

இந்தத் தடுமாற்றம் வராமலிருக்கத்தான் ஆசிரியர், போதிய உயரத்தில், மாணவர் எதிர்பாராத நேரத்தில் ஓர் இயந்திரத்தின் சக்தியைக் குறைக்கிறார். பிறகு காத்திருக்கிறார். சட்டென்று தலையிட்டால் மாணவர் எதையும் கற்கமாட்டார்; பிந்தினால் இருவர் உயிருக்கும் ஆபத்து. வேகம் காட்டும் கருவியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வேகம் அதற்குக் கீழே போனால், மிதியை முழுவதும் அழுத்தினாலும் விமானம் அடங்காமல் போகலாம். முள் அந்தக் கோட்டை நெருங்குமுன் ஆசிரியரின் கை முந்திக்கொள்ள வேண்டும். ஓட்டும் திறமையைவிட இந்தப் பொறுமையே பெரிது என்போம் நாம்.

இதற்கு வழி என்ன? எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், அறிவியல், ஆங்கிலம் நன்றாக இருக்கவேண்டும். பிறகு வணிக விமானமோட்டி உரிமம், அதன்மேல் பயிற்றாசிரியர் தகுதி, இரட்டை இயந்திரத் தகுதி. எல்லாவற்றுக்கும் பெரும்பணம் வேண்டும். உரிமம் பெற்றும் வேலைக்குக் காத்திருந்தவர்கள் உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆகவே பெற்றோரே, மகனானாலும் மகளானாலும், சேமநிதியில் கைவைக்குமுன் விமானமோட்டிகளுக்கான மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறியும் பார்வையையும் அதில் சோதிப்பார்கள். பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா என்பதை, வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்து நம்பாமல், விமானப் போக்குவரத்து ஆணையத்திடமே கேளுங்கள்.