அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவே



நம்மூர் ஓட்டல்களில் மாஸ்டர் என்றால் தனி மரியாதைதான். தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், ஸ்வீட் மாஸ்டர், இவர்களுக்கு மேலே சாம்பார், ரசம், கூட்டு, குருமா என்று எல்லாவற்றையும் ஆளுகிற சரக்கு மாஸ்டர். அதற்கு மேல் போக அவருக்குப் படி எது? இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த கடைக்குப் போவார். துணிச்சல் இருந்தால் கடன் வாங்கிச் சொந்தமாக மெஸ் வைப்பார். அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடுவே கிச்சன் மேனேஜர் என்று ஒரு நாற்காலி இருக்கிறது. பல கடைகளில் அதில் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்திருப்பார். இல்லையென்றால் அனலே படாத ஒரு பட்டதாரி. அந்த நாற்காலிக்கு மிகவும் பொருத்தமானவர் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருக்கிறார், ஆனால் அங்கே போகும் வழி ஸ்டோர் ரூம் வழியாகத்தான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்று நான் வாதிட வந்திருப்பது அந்த வழிக்காகத்தான்.

ஸ்டோர் ரூம் ஏன் என்று கேட்டால், ஒரு தோசைக் கல்லை எடுத்துக்கொள்வோம். அளவு பார்க்காமல் கைப்போக்கில் ஊற்றினால் ஒரு தோசைக்கு 5 மில்லி எண்ணெய் கூடுதலாக விழும், கண்ணுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு 400 தோசை போகிற கடையில் அது 2 லிட்டர். மாதம் முடியும்போது 60 லிட்டர், 15 லிட்டர் டின் கணக்கில் நான்கு டின். யாரும் திருடவில்லை, யாரும் வேலையில் ஏமாற்றவில்லை, நான்கு டின் எண்ணெயைக் காணோம்! சின்ன வெங்காயத்துக்கு வாருங்கள். கிலோ 40 ரூபாய்க்குப் பத்து கிலோ ஈர வெங்காயம் வந்து, தோலும் அழுகலுமாக மூன்று கிலோ கழிந்தால், சட்டியில் விழுகிற வெங்காயத்தின் அடக்கம் கிலோ 57 ரூபாய். கிலோ 50 கொடுத்து நன்றாகக் காய்ந்த சரக்கை வாங்கி, ஒரு கிலோ மட்டும் கழிந்தால் 56 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மலிவாகப் பிடித்துவிட்டேன் என்று மார்தட்டியவர்தான் கடைக்கு நஷ்டம் வைத்தவர். இதைக் கண்டுபிடிக்க ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும். உரித்த பிறகு இன்னொரு முறை எடை போட வேண்டும், அவ்வளவுதான். வரியையும் சேர்த்துப் பாருங்கள்: 2017 நவம்பரிலிருந்து சாதாரண உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள வழியில்லை. வரி கட்டி வாங்கிய பொருள் வீணானால் அந்த வரியும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் பறந்தது நினைவிருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் மெக்டொனால்ட்ஸ் கடைகள் பல, தரமான தக்காளி கிடைக்கவில்லை என்று சொல்லி பர்கரிலிருந்து அதை எடுத்துவிட்டன. நம்மூர் கடைக்காரர் தக்காளிச் சட்னியை நிறுத்தலாம். ரசத்தை என்ன செய்வார்? புளியைக் கூட்டுவதா, விலையை ஏற்றுவதா, ஒரு மாதம் கையைக் கடித்தாலும் பொறுத்துக்கொள்வதா? எந்தப் பண்டத்துக்கு எவ்வளவு தக்காளி போகிறது என்று முன்பே எழுதி வைத்திருப்பவரால்தான் பதில் சொல்ல முடியும். மற்றவர்கள் ஊகத்தில் ஓட்டுவார்கள். காலண்டரும் இப்படித்தான். புரட்டாசி பிறந்தால் பிரியாணி விற்பனை படுத்துவிடும்; முகூர்த்த நாளில் சத்திரத்துப் பக்கத்துக் கடைக்கு மதியக் கூட்டம் குறையும். சித்திரையில் மாவு விடிவதற்குள் பொங்கிப் புளித்துவிடும், மார்கழியில் அசையாமல் கிடக்கும். எத்தனை மணிக்கு அரைப்பது, எவ்வளவு அரைப்பது என்று முதல் நாளே முடிவு செய்பவர்தான் மறுநாள் இட்லியைத் தீர்மானிக்கிறார்.

அந்த நாற்காலியில் பொறுப்பான ஆள் வேண்டும் என்பதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரிலும், 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட பிள்ளைகள் உயிரிழந்தார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டது. சூடான உணவு 60 டிகிரிக்கு மேலே, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. நடுவில் அதிக நேரம் இருந்தால் ஆபத்து என்பது விதி. உணவைக் கையாளும் 25 பேருக்குப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையம். எல்லாம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் மதியம் மிஞ்சிய குருமாவைக் கொட்டு என்று இரவு எட்டு மணிக்கு யார் சொல்வது? செய்தவருக்கு மனசு வராது, முதலாளிக்குக் கை வராது. கொட்டச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவர் வேண்டும். அந்த அதிகாரத்தைக் கொடுக்காமல் மேனேஜர் என்று பேட்ஜ் மட்டும் குத்திவிடுவது சும்மா வேஷம்.

இதற்கு மறுப்பு உண்டு, தெரியும். அளந்து போட்டால் ருசி வருமா, கைப்பக்குவம் என்று ஒன்று இல்லையா என்பார்கள். இருக்கிறது, தாளிப்பில் கடுகு வெடிக்கும் சத்தத்தை எந்தத் தராசும் கேட்காது. ஆனால் 1951இல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ என்ற சமையல் நூலில் அளவு சொல்லி எழுதினார். அதைப் பார்த்துச் சமைத்த வீடுகளில் ருசி கெட்டதாக யாரும் புகார் சொன்னதில்லை. எழுதாத கடையில்தான் பொங்கலுக்கு மாஸ்டர் ஊருக்குப் போனால் சாம்பாரும் கூடவே பஸ் ஏறிவிடுகிறது.

மாஸ்டருக்குப் படிப்பு எங்கே என்பது இரண்டாவது மறுப்பு. தரமணியில் உள்ளது போன்ற அரசு கேட்டரிங் கல்லூரிகளில் மூன்று வருடம் படித்தவர்களைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர்களும் காய் நறுக்கும் பலகையிலிருந்து தொடங்கினால் நல்லது என்று மட்டும் சொல்வேன். மாஸ்டருக்கு வேண்டியது சதவீதக் கணக்கு, செல்போனில் ஒரு எக்செல் தாள், கொஞ்சம் இந்தி. பாத்திரம் கழுவும் இடத்திலும் தந்தூர் அடுப்பிலும் நிற்கிற பிள்ளைகள் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். அவர்களிடம் கத்தாமல் வேலை வாங்குவது தனிக் கலை. அடுப்படியில் கத்துகிறவர் மாஸ்டராகக் காலம் தள்ளலாம், மேனேஜராக முடியாது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: இந்த வேலைக்குப் பிள்ளைகளை ஏன் இழுக்கிறீர்கள், அனலும் நேரம் காலமில்லாத உழைப்பும்தானே? உண்மைதான், மறுக்கமாட்டேன். 1958ஆம் வருடத்து உணவு நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஆனாலும் பிரேக் டியூட்டி என்ற பெயரில் காலை ஆறுக்கு வந்தவர் இரவு பதினொன்றுக்குப் படுக்கப் போவது இன்னும் நின்றபாடில்லை. ஆனால் அந்த டியூட்டி சார்ட்டை எழுதுவது யார்? கிச்சன் மேனேஜர்தான். அனலில் நின்று பழகியவர் எழுதுகிற சார்ட்டும், ஏசி அறையில் உட்கார்ந்தவர் எழுதுகிற சார்ட்டும் ஒன்றாக இருக்காது.

ஆகவே முதலாளிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மதியக் கூட்டம் ஓய்ந்து மாலை டிபன் தொடங்குமுன் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அந்த நேரத்தில் உங்கள் தோசை மாஸ்டரிடம் ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுங்கள். இருப்பை எண்ணட்டும், வந்த சரக்கை எடை போடட்டும், பில்லோடு ஒத்துப் பார்க்கட்டும். ஆறு மாதத்தில் யார் தேறுவார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.